நங்கூரம் விழுந்த நேரம்

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள் தியோலிந்தா.
கப்பல் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.
மிந்தேலுவில் சரக்கை இறக்கிவிட்டு
டக்காருக்குப் போய்விட்டது.
இறங்கிய கண்டெய்னர் மூன்றாம் கிடங்கில் கிடந்து
நாள் வாடகை தின்றுகொண்டிருந்தது.

நான் சுங்கத் தரகன்.
இருபத்தாறு வருடமாக
பிறர் வீட்டுச் சாமான்களைத் தட்டச்சு செய்கிறவன்.
யார் வீட்டில் எத்தனை தலையணை என்று
பாதிரியாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பட்டியல் அவள் புருஷன் எர்மீனியுவின் கையெழுத்தில்:
சலவை இயந்திரம், பழையது.
நாற்காலி ஆறு, பழையது.
இரும்புக் கட்டில், ஒற்றை, பழையது.
பனி அள்ளும் மண்வாரி ஒன்று.
அதற்கு நேரே மட்டும் எதுவும் எழுதவில்லை.

"இது எதற்கு?" என்றேன்.
அவளுக்கும் தெரியவில்லை.
மழையே
வழி தவறி வந்தால்தான் உண்டு இந்தத் தீவில்.

சட்டம் சின்னது.
ராட்டர்டாமில் முப்பத்தொரு வருடம் உழைத்துவிட்டு
ஊரோடு வந்து சேர்கிறவனின்
வீட்டுச் சாமானுக்கு வரி கிடையாது.
வந்து சேர்கிறவன், அதாவது உயிரோடு இருப்பவன்.
செத்தவன் சாமான் வாரிசுச் சொத்து.
அதற்கு வேறு படிவம், வேறு ஜன்னல்,
வரியும் உண்டு.

அதிகாரி திர்சு கெட்டவன் இல்லை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுவான்.
"உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போடணும்" என்றான்.
சொல்லி முடித்துக் கண்ணாடியை மாட்டிய பிறகுதான்
அவள் உடுத்தியிருந்த கறுப்பைப் பார்த்தான்.

துறைமுகப் பதிவேட்டைத் தேடிப் போனேன்.
வெள்ளி, மாலை நாலு பத்து: நங்கூரம் போட்டது.
துறையில் இடமில்லை, காத்திருந்தது.
திங்கள், பகல்: கரையில் கட்டி இறக்கியது.
இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை.
அது துறைமுகப் பதிவேட்டில் இல்லை,
மருத்துவர் தந்த தாளில் இருந்தது.

"சரக்கு வந்தது வெள்ளிக்கிழமை" என்றேன்.
"மண்ணைத் தொட்டால்தான் வந்தது."
"கடலும் நம்ம கடல்தானே?"
"கடல்ல கிடங்கு இல்லையே."
இப்படியே பதினொன்றாயிற்று.
வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக்
காபி குடிக்கப் போனார்கள்.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.
"அவர் பார்த்தார்.
கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார்.
ராத்திரி கப்பல் விளக்கை எண்ணினார்,
தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.
'நம்ம சாமான் வந்தாச்சு' என்றார்.
வரும்னு சொல்லலை."

வந்தாச்சு.
இறந்தகாலம்.
உயிரோடு இருந்தவன் சொன்ன இறந்தகாலம்.
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

திர்சு கண்ணாடியைத் துடைத்தான்.
வெள்ளிக்கிழமை என்று எழுதி
முத்திரையை இரண்டு தரம் குத்தினான்,
முதல் தரம் மை விழவில்லை.

மண்வாரிக்கு மட்டும் வரி போட்டான்.
கடைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது, புதுசு.
நானூற்றுப் பத்து எஸ்குடோ.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச்
சில்லறையாக எண்ணி வைத்தாள்.
பேரம் பேசவில்லை.

போன பிப்ரவரியில் பாலைவனப் புழுதி வந்து
ஊரையே மூடியபோது
மொட்டைமாடியில் அவள் அதை வைத்து
அள்ளிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.
நான் பார்க்கவில்லை.

என் கூலிக்குப் பணம் குறைந்தது.
ஆறில் ஒரு நாற்காலியைத் தந்தாள்.
ரசீது எழுதிக் கொடுத்தேன்: நாற்காலி ஒன்று, பழையது.
அதில்தான் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள்.
பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை,
சாயாமல் உட்காருங்கள்.

சரி, உங்கள் பட்டியலைக் கொடுங்கள்.
தலையணை எத்தனை?